மஞ்சள் கழுவிய கல்

சடையப்பன் கொடி பிடிக்கப் போனதைப் பார்த்து ஊர் வாய்விட்டுச் சிரித்தது. கட்சிக் கொடி என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். நஞ்சை நிலம், கிணறு, மோட்டார், உரம் வாங்கப் போக ஒரு மொபெட் எல்லாம் வைத்திருக்கிற மனிதன், பாலம் கட்ட வந்த கம்பெனியில் போய்ச் சேர்ந்து, ஒரு கையில் பச்சை, ஒரு கையில் சிவப்பு என்று வெயிலில் நின்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? டிப்பர் லாரி திரும்பினால் சிவப்பு, போய்விட்டால் பச்சை. அவ்வளவுதான் உத்தியோகம். கம்பெனிக்காரன் லேசுப்பட்டவன் இல்லை. வெளியூர் ஆளைக் கொடியோடு நிறுத்தினால் ஊர்க்காரன் அடிப்பான், உள்ளூர் ஆளை நிறுத்தினால் "இன்னா மாமா, வுடு மாமா" என்று கெஞ்சிவிட்டு நின்றுகொள்வான். அது அவனுக்குத் தெரியும்.

சிரித்தவர்களில் பாதிப் பேர் பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். சடையப்பன் நின்ற இடம் அப்படி. அவன் கொடியோடு நின்ற கரைக்கு நேர் எதிரே செய்யாற்றின் பழைய தரைப்பாலம் படுத்திருந்தது. அந்தப் பாலத்தில்தான் அவன் மகள் ஜெயப்பிரியா போனாள்.

ஆற்றுக்கு வடகரையில் ஊர். தென்கரையில் ஏறினால் உத்திரமேரூர் ரோடு. நடுவே, மணலுக்கு முழங்கால் உயரத்தில் போட்ட தரைப்பாலம். அதன் இரண்டு ஓரத்திலும் வெள்ளையும் கறுப்புமாக வண்ணம் பூசிய கற்கள் வரிசையாக நட்டிருக்கும். கார்டு கல் என்பார்கள். வெள்ளம் வந்து பாலத்தின் மேல் ஏறினால் பாலம் தெரியாது, கல்லின் தலை தெரியும். தலை தெரிந்தால் போகலாம், தலை மறைந்தால் போகக் கூடாது. அதிகாரிகள் கயிறு கட்டுவார்கள், போர்டு வைப்பார்கள். அதையெல்லாம் யார் மதித்தார்கள்? அந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் கல் சொன்னதுதான் சட்டம்.

அந்தக் கார்த்திகையிலும் கல்லின் தலை தெரிந்தது. ஜெயப்பிரியா உத்திரமேரூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்துக்கொண்டிருந்தாள். மழை வலுக்கிறது என்று கடையைச் சீக்கிரமே சாத்த, சடையப்பன் போய் அழைத்து வந்தான். மொபெட்டைத் தென்கரையில் பூட்டிவிட்டு இருவரும் கல்லைப் பிடித்துப் பிடித்து நடந்தார்கள். பாதி வழியில் மேலே எங்கோ ஏரி உடைந்த தண்ணீர் சேர்ந்துகொண்டது. கணுக்கால் தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் மார்புக்கு வந்தது. அவன் இடது கையால் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு வலது கையால் மகளைப் பிடித்தான். வடகரையில் ஆட்கள் கூடிக் கத்தினார்கள், கயிறு எடுத்துவர ஓடினார்கள். கயிறு வந்தபோது அவன் மட்டும்தான் கல்லோடு இருந்தான். மறுநாள் அவளைக் கீழே, பாலாறு சேருகிற மணலில் எடுத்தார்கள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கூத்துதான். ஊர் திரண்டு ரோட்டில் உட்கார்ந்தது. அதுவரை அசையாத ஃபைல் அசைந்தது. யாராவது ஒருவர் போனால்தான் நம் நாட்டில் பாலத்துக்குக் கால் முளைக்கும். மேம்பாலம் சாங்ஷன் ஆனது, டெண்டர் ஆனது, ஒரு பெரிய கான்ட்ராக்டர் வந்து ஆற்றில் தூண் இறக்கினான். "உன் பொண்ணாலதான் பாலமே வந்துச்சு" என்று சடையப்பனிடமே சொன்னவர்கள் உண்டு. நல்லது சொல்கிற நினைப்பு அவர்களுக்கு. அவன் முதுகுக்குப் பின்னால் வேறு ஒன்றும் சொன்னார்கள். பெண்ணை விட்டுவிட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டான் என்று. அதுவும் அவன் காதுக்கு வந்தது.

அவன் மனைவி சிட்டம்மாள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசினாள், குங்குமம் வைத்தாள், சிவப்பு ரவிக்கைத் துணி கட்டினாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைத்தாள். கறுப்பு வெள்ளை வரிசையில் அந்த ஒரு கல் மட்டும் மஞ்சளாகத் தனித்து நின்றது. லாரி ஓட்டுகிறவன்கூட அதைத் தாண்டும்போது ஹாரனை அடக்கிக்கொள்வான்.

சடையப்பன் கொடி வேலைக்குப் போனதன் காரணம் அந்தக் கல்தான். பாலம் தொடங்கிய புதிதில், சைட் எஞ்சினியர் சத்யநாராயணன் டீக்கடையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததை அவன் கேட்டுவிட்டான். புதுப் பாலம் எழும்பியதும் பழைய தரைப்பாலத்தை உடைத்துவிடுவார்களாம். தண்ணீரை மறிக்கிறதாம். உடைத்த கல்லும் கான்கிரீட்டும் வீணாகாதாம், இரண்டு கரையிலும் பாலத்துக்கு ஏறுகிற ரோட்டின் அடியில் கொட்டி அமுக்கிவிடுவார்களாம். அப்ரோச் என்றார் எஞ்சினியர். மறுநாளே சடையப்பன் போய் வேலை கேட்டான்.

அந்தக் கல் அவனுக்கு வேண்டும். கொண்டுபோய்த் தன் நிலத்தில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நட்டுக்கொள்ள வேண்டும். பூஜை செய்ய அல்ல, அது சிட்டம்மாளின் காரியம். அவனுக்கு அந்தக் கல்லோடு பேசித் தீர்க்க ஒன்று இருந்தது. இந்தக் கல்லை விட்டிருந்தால் எனக்கு இரண்டு கையும் இருந்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்திருப்பேன். போனாலும் சேர்ந்து போயிருப்போம். இதை அவன் யாரிடம் சொல்வான்? அன்றைக்கு நடந்ததைக் கிட்டே இருந்து பார்த்தது அந்தக் கல் ஒன்றுதான். அதன் மேல் அவனுக்குக் கோபம் இருந்தது, அதை விட்டால் வேறு நாதியும் இல்லை. கொடி பிடித்த நாளெல்லாம் அவன் கண் அதன் மேலேயே இருந்தது.

புதுப் பாலம் முடிந்தது. ரிப்பன் வெட்டினார்கள், இனிப்பு கொடுத்தார்கள். ஏறுகிற ரோடு மட்டும் பாதியில் கிடந்தது. மகன் விஜய்க்கும் அந்தச் சமயத்தில் பெண் நிச்சயமானது. அப்போது சிட்டம்மாள் பூவாடைக்காரியின் பேச்சை எடுத்தாள்.

அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் அது உண்டு. கல்யாணம் ஆகாமல் போன பெண்ணும், பூவோடும் பொட்டோடும் போன பெண்ணும் அந்த வீட்டுக்குத் தெய்வம். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதலில் அவளை அழைத்துவர வேண்டும். பம்பைக்காரர் வந்து, அவள் போன தண்ணீர் ஓரத்தில் நின்று, பெயர் சொல்லிப் பாடி, கரகத்தில் இறக்கி, வீட்டுக்குக் கூட்டிவருவார். அதன்பிறகு அவள் நீர்க்கரையில் அலையமாட்டாள், வீட்டில் இருப்பாள்.

"பாலத்த ஒடைக்கறதுக்கு முன்ன அவளக் கூட்டியாந்துரணும்யா" என்றாள் சிட்டம்மாள். "மிஷின் போடற சத்தத்துல பயந்துக்கினு அவ எங்கனா பூட்டான்னா நான் எங்கன்னு போயித் தேடுவேன்?"

சடையப்பன் சரி என்றான். கல்லைப் பற்றி அவளிடம் சொல்ல வாயெடுத்தான், வரவில்லை. மகளே வீட்டுக்கு வருகிறாள் என்கிறபோது, எனக்கு அந்தக் கல்லும் வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? அவள் வருவதை நீ நம்பவில்லையா என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? அதனால் அவளிடம் சொல்லாமல், பிரேக்கர் மிஷின் ஓட்டுகிற பாண்டுரங்கனிடம் சொன்னான்.

பாண்டுரங்கன் வந்தவாசிப் பக்கத்து ஆள். பெரிய பெரிய கட்டடங்களை இடித்துத் தள்ளியவன். எதை இடிப்பதற்கு முன்பும் ஓர் எலுமிச்சம்பழத்தை மிஷினின் சங்கிலிப் பட்டைக்கு அடியில் வைத்து நசுக்காமல் லிவரைத் தொடமாட்டான்.

"தம்பி, நீ ஒடைக்கறதுல எனக்கு ஒரு கல்லு வோணும்" என்றான் சடையப்பன்.

"ஒண்ணு எதுக்குணா, ஒரு டிராக்டர் லோடே எடுத்துக்கோ. இன்னா, வூடு கட்றியா?"

"அந்த மஞ்சக் கல்லு."

பாண்டுரங்கன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். அவனுக்கும் கதை தெரியும்.

"நீ கேக்கலன்னாலும் அத்த நான் ஒடச்சிருக்க மாட்டேன்ணா" என்றான். "அடியில சுத்தியும் நோண்டி, மிஷின் மூக்கு படாம எடுத்து ஓரமா வெச்சிர்றேன். நீ வந்து எடுத்துக்கினு போ. மஞ்சக் கல்லுதான, தூரத்துலயே தெரியும்."

"எப்பக்கி அங்க வருவ?"

"வட கரையிலேர்ந்துதான் ஆரம்பம். நடுவுக்கு வர்றதுக்கு வாரக் கடைசி ஆவும்."

ஞாயிற்றுக்கிழமை காலை தாமலிலிருந்து பம்பைக்காரர் வந்தார். சொந்தபந்தம் எல்லாம் தரைப்பாலத்தில் கூடியது. ஆற்றில் தண்ணீர் சாதுவாக, சின்னக் கால்வாய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீரா அந்தத் தண்ணீர் என்று சடையப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. கல்லின் முன்னால் புதுப் பாவாடை தாவணி, வளையல், பூ, அவளுக்குப் பிடித்த ரவா லட்டு எல்லாம் பரப்பினார்கள். பம்பை முழங்கியது. பம்பைக்காரர் அவள் பெயரைச் சொல்லி, அவள் உடுத்தினதையும் உண்டதையும் சொல்லி, அண்ணனுக்குக் கல்யாணம் வந்ததைச் சொல்லிப் பாடினார்.

கொஞ்ச நேரத்தில் சிட்டம்மாளின் தங்கை அம்முலுவுக்கு உடம்பு ஆடியது. புள்ளலூரிலிருந்து வந்தவள், எட்டு ஊர் பேசுகிற வாய்க்காரி. அவள் வாயடைத்து, தலைமுடி அவிழ்ந்து, தரையைப் பார்த்தபடி ஆடினாள்.

"வந்தது யாரும்மா? பேரு சொல்லு. வூட்டுக்கு வர்றியா?" என்று பம்பைக்காரர் கேட்டார்.

அம்முலு வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "நைனா கூப்ட்டாதான் வருவேன்" என்றாள்.

எல்லோரும் சடையப்பனைப் பார்த்தார்கள். மகள் போனதிலிருந்து அவன் அவள் பெயரை வாயால் சொன்னதில்லை. சிட்டம்மாள் அவன் தோளைத் தொட்டு, "கூப்புடுய்யா. உனுக்காவத்தான் நிக்கறா" என்றாள்.

"பிரியா" என்றான் அவன். அதற்குமேல் வரவில்லை. பிறகு, அன்றைக்கு மெடிக்கல் ஷாப் வாசலில் நின்று சொன்னதே வாயில் வந்தது. "வாம்மா, வூட்டுக்குப் போலாம்."

சொன்னதும் அவன் உடைந்து அழுதான். அந்த ஆற்றங்கரையில் அன்றுவரை அவன் அழுததை யாரும் பார்த்ததில்லை. அம்முலு ஒரு கத்துக் கத்திவிட்டு மயங்கிச் சாய்ந்தாள். பம்பைக்காரர் வேப்பிலையும் பூவும் சுற்றிய கரகத்தைத் தூக்கி அவன் தலையில் வைத்தார்.

"வந்துட்டா. இனிமே வூடு போற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அவ தண்ணிக்கே திரும்பிடுவா."

பம்பை முன்னால் போக, சடையப்பன் கரகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். இரண்டு கையாலும். அது அவன் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் பெண்கள் பேசிக்கொள்வது கேட்டது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. கால் கழுவுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் சமையல், சுமங்கலிகளுக்குச் சாப்பாடு, புடவை கொடுத்தல் என்று நடந்தது. வீட்டுக்காரன் வெளியே போகக் கூடாது என்று கட்டு. திங்கட்கிழமை காலையிலேயே ஆற்றுப் பக்கமிருந்து பிரேக்கர் அடிக்கிற சத்தம் கேட்டது. வடகரையில் ஆரம்பித்திருப்பான் என்று சடையப்பன் நினைத்தான். சிட்டம்மாள் அன்று வயிறாரச் சாப்பிட்டாள். சாமி அறையில் கரகத்துக்குப் பக்கத்தில் படுத்து, பகலிலேயே குறட்டை விட்டுத் தூங்கினாள். அவள் அப்படித் தூங்கி எவ்வளவு காலம் ஆகிறது. அதைப் பார்த்து அவனுக்கும் நெஞ்சு லேசானது.

செவ்வாய்க்கிழமை கோணிப்பையும் கயிறும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். கரையில் ஏறிப் பார்த்தால், பாலம் வடகரையில் இருந்தது, தென்கரையிலும் இருந்தது. நடுவில் இல்லை. நடுவில் ஆறு வழி கிடைத்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பாண்டுரங்கன் மிஷினிலிருந்து சிரித்த முகமாக இறங்கி வந்தான். "பூஜையெல்லாம் ஜோரா ஆச்சாணா? கல்ல நல்லபடியா கொண்டுபோய் நட்டுட்டியா?"

"எந்தக் கல்ல?"

"அதான்ணா, நீ எடுத்துக்கினு போனியே." சடையப்பனின் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "எஞ்சினியர் சாரு, மேல மழ கீது, தண்ணி தொறப்பாங்க, நடுவுல மொதல்ல ஒடைன்னுட்டாரு. நான் மிஷின வுட்டு எறங்கி, இந்த ஓரமும் அந்த ஓரமும் நடந்தே தேடுனேன்ணா. மஞ்சக் கல்லே இல்ல. துணி இல்ல, பூ இல்ல. எல்லாம் ஒரே மாதிரி கறுப்பும் வெள்ளையுமா நிக்கிது. சரி, பூஜை முடிச்ச கையோட நீங்களே பேத்துக்கினு பூட்டீங்கன்னு நெனச்சிட்டேன்."

சொம்பு சொம்பாக ஊற்றிய தண்ணீரின் சத்தம் சடையப்பனின் காதில் மறுபடி கேட்டது.

"ஒடச்சதெல்லாம் எங்க?" என்று கேட்டான்.

"அப்ரோச்சுக்கு, ணா. டிப்பர் ரெண்டு கரைக்கும் அடிச்சுது. எந்த லோடு எந்தாண்ட போச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" பாண்டுரங்கனுக்குக் கண் கலங்கியது. "ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணாம வுட்டேன்."

சடையப்பன் அப்ரோச் பக்கம் போனான். கொட்டிய கல்லின் மேல் மண் போட்டு ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சரிந்து கிடந்த சில்லுகளைக் குனிந்து புரட்டிப் பார்த்தான். கறுப்பு, வெள்ளை, கறுப்பு. எதுவும் அது இல்லை, எதுவும் அதுவாக இருக்கலாம். ரோலர்காரன் ஹாரன் அடித்து அவனை ஒதுங்கச் சொன்னான். யாரும் கொடி காட்டவில்லை. கொடி காட்ட வேண்டியவனே அவன்தான்.

வீட்டுக்கு வந்தபோது சிட்டம்மாள் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ந்தாமே, அந்தக் கல்ல யாரு கழுவுனது?" என்றான்.

"நான்தான்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "மஞ்சளும் குங்குமமும் இருந்தா, பழகுன எடமாச்சேன்னு அவ அங்கியே நின்னுடுவாளாம். பம்பைக்காரரு சொன்னாரு. துணிய அவுத்து ஆத்துல வுட்டுட்டு, சுத்தமா கழுவிட்டேன். ஒரு சொட்டு மஞ்ச இல்ல." பிறகு நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. "ஏன்யா?"

"சொம்மா கேட்டேன்" என்றான். கோணிப்பையை மடித்துத் தொழுவத்தில் செருகினான்.

பிறகு ரோட்டுக்குத் தார் போட்டார்கள். கம்பெனி சாமான்களைக் கட்டிக்கொண்டு வேறு ஆற்றுக்குப் போனது. ஊர்க்காரர்கள் பாலத்தில் பறந்தார்கள். சடையப்பன் மட்டும் பாலம் ஏறுகிற இடம் வந்ததும் மொபெட்டை நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழற்றி வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போவான். பாலத்தின் மேல் ஏறி ஓட்டுவான். அந்தக் கரையில் இறங்குகிற இடத்தில் மறுபடி தள்ளுவான். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறான் என்று ஒருவன், கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று இன்னொருவன், ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள். விஜய்க்கு மானம் போயிற்று. "இன்னா நைனா, கல்யாணத்த வெச்சிக்கினு ரோட்ல கோமாளி மாதிரி" என்று சண்டை பிடித்தான். மறுநாளும் சடையப்பன் இறங்கித்தான் தள்ளினான்.

கல்யாணப் பத்திரிகை வந்ததும், உத்திரமேரூரில் அந்த மெடிக்கல் ஷாப்காரருக்கு முதலில் வைக்க வேண்டும் என்றாள் சிட்டம்மாள். பின்னால் அவளை உட்காரவைத்துக்கொண்டு போனான். பாலம் ஏறுகிற இடம் வந்தது. வண்டியை நிறுத்தினான்.

"எறங்கு. ரெண்டு பேரு ஏறுனா வண்டி மேட்டுல இஸ்க்காது."

அவள் இறங்கினாள். அவன் செருப்பைக் கழற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்முலு சொன்னா, நான் நம்பல" என்றாள். "இன்னான்னு சொல்லுய்யா."

சடையப்பன் ஹாண்டில்பாரைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்தான். "கல்லு கீதுல்ல, அவ கல்லு. அத்த ஒடச்சி இதுக்கு அடியிலதான் போட்டுட்டாங்க. தனியா எடுத்து வெக்கச் சொல்லி அந்தப் பையனாண்ட சொல்லி வெச்சிருந்தேன். மஞ்ச இல்லாம அவனுக்கு அடையாளம் தெரில."

சிட்டம்மாள் அப்படியே நின்றாள். அவளுக்கு முழுதும் விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை பார்த்தாள்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா கழுவியிருக்க மாட்டனே."

"நீ கழுவுனதுதான் சரி. அவதான் வூட்டுக்கு வந்துட்டாளே."

"அப்ப நீ ஏன்யா எறங்கி நடக்கற?"

பின்னால் மணல் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. இருவரும் ஓரமாக ஒதுங்கினார்கள். லாரி அந்த ரோட்டின் மேல் தடதடவென்று ஏறிப் போவதை, பல்லைக் கடித்துக்கொண்டு இருவரும் பார்த்தார்கள்.

"எந்த எடத்துல கீது?" என்று அவள் கேட்டாள்.

"தெர்ல. இந்தாண்டயும் கொட்டுனாங்க, அந்தாண்டயும் கொட்டுனாங்க."

சிட்டம்மாள் குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். வண்டியில் அவன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். தார் வெயிலில் கொதித்தது. அவள் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ள, அவன் முன்னால் பிடித்துக்கொள்ள, இருவரும் மேட்டில் ஏறினார்கள்.